பழைய அம்பாசிடருக்கு எந்தக் கூலன்ட்?

அப்பா 1974-இல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 2 இன்றும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, வண்டியை எடுக்கும் முன் வழக்கம்போல ரேடியேட்டர் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல் தொட்டியின் அடியில் பித்தளைக் குழாய்களின் வாய்கள் வரிசையாகத் தெரியும் தட்டில், பல குழாய்களைச் சுற்றிச் சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில் ஏதோ பூத்திருந்தது. விரலால் தொட்டதும் ஈரச் சுண்ணாம்பு போல ஒட்டிக்கொண்டது. உள்ளே இருந்தது ஆரஞ்சு நிறக் கூலன்ட், அதாவது இன்ஜின் சூட்டைத் தணிக்கத் தண்ணீரோடு கலந்து ஊற்றும் திரவம். பதினெட்டு மாதங்களுக்கு முன் ஒரு பணிமனையில், “இதை ஊற்றிவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்குத் தொடவே வேண்டாம்” என்று சொல்லி ஊற்றிக் கொடுத்தார்கள். விலை கூடுதல் என்றால் தரமும் கூடுதலாகத்தான் இருக்கும் என்று நம்பி நானும் சம்மதித்திருந்தேன்.

அடுத்த வாரமே கீழ்த் தொட்டியின் ஓரத்தில் சொட்டுக் கசிவு தொடங்கியது. கோயம்புத்தூர் உக்கடம் பக்கம் பல ஆண்டுகளாக ரேடியேட்டர் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கழற்றி எடுத்துச் சென்றேன். அவர் மேல் தொட்டியைச் சூடுகாட்டிப் பிரித்து, ஸ்குரூ டிரைவரின் நுனியால் ஒரு குழாயின் வாயைச் சுற்றிச் சுரண்டிக் காட்டினார். குழாயைத் தட்டோடு ஒட்டிப் பிடிக்கும், வழவழப்பாக மின்ன வேண்டிய பற்றாசு (சோல்டர்), கறையான் அரித்த மரம்போல உதிர்ந்து வந்தது. “நெறத்தப் பார்த்து ஊத்தாதீங்க தம்பி, உள்ள என்ன உலோகம் இருக்குதுன்னு பார்த்து ஊத்துங்க” என்றார். கூலன்ட் பற்றி அதற்குப் பிறகு நான் தேடிப் படித்து அறிந்தவை எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரைதான்.

அழிவு முழுவதற்கும் அந்த ஆரஞ்சுத் திரவமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அதை ஊற்றுவதற்கு முன் பழைய கூலன்ட்டை முழுமையாக வடித்தார்களா, எந்தத் தண்ணீரைக் கலந்தார்கள் என்பதையெல்லாம் நான் கேட்கவே இல்லை. கேட்காதது என் தவறு. ஆனாலும் என் வண்டிக்கு அது உரிய திரவம் அல்ல என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை.

அம்பாசிடர் மார்க் 2-இல் இருப்பது 1489 சிசி பி சீரிஸ் இன்ஜின். சிலிண்டர்கள் உள்ள பிளாக், அதன் மேல் மூடியாக அமரும் ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு. ரேடியேட்டரின் குழாய்களும் தொட்டிகளும் பித்தளை, இடையில் உள்ள மெல்லிய தகடுகள் செம்பு. இவற்றை ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு. இன்றைய கார்களின் ரேடியேட்டர் அலுமினியத்தால் ஆனது, அதன் தொட்டிகள் பிளாஸ்டிக். அங்கே பற்றாசு என்ற பொருளே இல்லை. ஆகவே இன்றைய காருக்காக உருவாக்கப்பட்ட கூலன்ட், பற்றாசைக் காப்பாற்ற வேண்டும் என்ற கவலையோடு உருவாக்கப்பட்டதாக இருக்க வேண்டியதில்லை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிதாக விளங்கும்.

கூலன்ட் என்று நாம் வாங்குவதில் பெரும்பகுதி எத்திலீன் கிளைக்கால். அமெரிக்காவில் யூனியன் கார்பைடு நிறுவனம் 1927-இல் பிரெஸ்டோன் என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பனியில் தண்ணீர் உறைந்து பிளாக் வெடிக்காமல் இருக்க வேண்டும் என்பதே அங்கே முதல் நோக்கம். கோயம்புத்தூரில் எனக்கு அந்தத் தேவை கிடையாது. எனக்கு வேண்டியவை இரண்டு: துரு பிடிக்காமல் தடுப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும். துருவைத் தடுப்பது கிளைக்கால் அல்ல, அதனோடு சேர்க்கப்படும் சில விழுக்காடு தடுப்பு வேதிப்பொருள்கள்தான். அவை தீர்ந்துபோனால் கிளைக்கால் சூட்டிலும் காற்றிலும் சிதைந்து அமிலமாகிறது. அந்த அமிலம் வெறும் தண்ணீரைவிடக் கேடு செய்யும். பழைய காரில் கூலன்ட்டை ஊற்றிவிட்டு மறந்துவிடுவது, ஊற்றாமலே இருப்பதைக் காட்டிலும் ஆபத்தாக முடிவது இதனால்தான்.

அந்தத் தடுப்புப் பொருள்களைக் கொண்டே கூலன்ட்டின் வகை பிரிகிறது. பழைய வகையில் சிலிக்கேட், பாஸ்பேட், போரேட், நைட்ரைட் போன்ற கனிம உப்புகள் இருக்கும். இவை உலோகப் பரப்பு முழுவதிலும் ஒரு மெல்லிய படலமாகப் படிந்து, செம்பு, பித்தளை, பற்றாசு, இரும்பு எல்லாவற்றையும் மூடிக் காக்கின்றன. படிந்து படிந்து செலவழிவதால் இரண்டு ஆண்டுகளில் தீர்ந்துவிடும். புதிய வகையில் கரிம அமிலங்கள் உள்ளன. அவை பரப்பு முழுவதும் படியாமல், அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்கின்றன. அதனால் மெதுவாகச் செலவழிந்து ஐந்து ஆண்டுகள்வரை தாங்குகின்றன. ஜெனரல் மோட்டார்ஸ் 1995 மாடல் கார்களிலிருந்து பயன்படுத்தத் தொடங்கிய ஆரஞ்சு நிற டெக்ஸ்கூல் இந்த வகை. அலுமினியத்துக்கு நல்ல காவல்; ஈயம் மிகுந்த பற்றாசுக்கு அதே நம்பிக்கையைக் கொடுக்க முடியாது. இவ்வகையில் பெரும்பாலும் இடம்பெறும் 2-எத்தில்ஹெக்சனோயிக் அமிலம் சில பழைய கேஸ்கட், சீல் பொருள்களையும் மென்மையாக்கக்கூடியது. பழைய வண்டிகளில் ஊற்ற வேண்டாம் என்று அதைத் தயாரிக்கும் சில நிறுவனங்களே சொல்கின்றன. இரண்டுக்கும் நடுவில், கரிம அமிலத்தோடு கொஞ்சம் சிலிக்கேட்டும் சேர்ந்த கலப்பு வகை உண்டு. பழைய வகை கிடைக்காத ஊரில், பற்றாசுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே எழுதியிருந்தால் நான் அதை ஏற்பேன்.

நிறம் எதையும் உறுதி செய்வதில்லை. பச்சை என்றால் பழைய வகை, ஆரஞ்சும் சிவப்பும் என்றால் புதிய வகை என்பது ஒரு காலத்தில் ஓரளவு உண்மையாக இருந்தது. நிறத்துக்கென்று பொதுவான விதி எதுவும் இல்லாததால், இன்று பச்சைச் சாயம் போட்ட கரிம அமிலக் கூலன்ட் கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. புட்டியைத் திருப்பிப் பின்பக்க எழுத்தைப் படிக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 5759, அமெரிக்கத் தர நிர்ணயம் ஏஎஸ்டிஎம் டி3306 ஆகியவற்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். டி3306-இன்படி நடத்தப்படும் சோதனைகளில் ஒன்று என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது. செம்பு, பற்றாசு, பித்தளை, எஃகு, வார்ப்பிரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் சிறு துண்டுகளைக் கூலன்ட் கலந்த, வேண்டுமென்றே உப்புச் சேர்த்த தண்ணீரில் போட்டு, 88 டிகிரி செல்சியஸ் சூட்டில், காற்றைக் குமிழவிட்டபடி 336 மணி நேரம், அதாவது பதினான்கு நாள் வைக்கிறார்கள். முடிவில் பற்றாசுத் துண்டு 30 மில்லிகிராமுக்கு மேல் எடை இழந்திருக்கக் கூடாது. செம்புக்கும் பித்தளைக்கும் 10 மில்லிகிராம்தான் எல்லை. புதிய கூலன்ட்டைப் புதிய உலோகத் துண்டில் வைத்துப் பார்க்கும் இரண்டு வாரச் சோதனை, ஐம்பது வயது ரேடியேட்டரில் ஐந்து ஆண்டுகள் நடப்பதற்கு ஈடாகாது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு, தர எண்ணோடு “சிலிக்கேட் உள்ளது”, “செம்பு, பித்தளை ரேடியேட்டருக்கு உகந்தது” என்ற வரிகளையும் தேடுவேன்.

எவ்வளவு கலப்பது என்பதில், பாதிக்குப் பாதி என்ற வழக்கம் குளிர்நாட்டிலிருந்து வந்தது. அந்தக் கலவை ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரிவரை உறையாது. ஊட்டியில் மார்கழிப் பனிக்குக்கூட அவ்வளவு தேவையில்லை. வெப்பத்தைச் சுமந்து செல்வதில் தண்ணீருக்கு நிகர் கிளைக்கால் இல்லை என்பதால், தேவைக்கு மேல் சேர்த்தால் இன்ஜின் கூடுதலாகச் சூடேறும். அதற்காக நான்கில் ஒரு பங்குக்குக் கீழே குறைத்தால் தடுப்புப் பொருள்கள் போதாமல் போகும். நான் மூன்றில் ஒரு பங்கு வைக்கிறேன். கொதிநிலையைப் பெருமளவு உயர்த்துவது கிளைக்காலைவிட ரேடியேட்டர் மூடிதான். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும். அதே தண்ணீரை, சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி போட்டு அடைத்தால் 105 டிகிரியைத் தாண்டும். ஊட்டி மலைப்பாதையில் கல்லாற்றிலிருந்து இரண்டாம் கியரில் ஏறி, பர்லியாறு தாண்டியதும் ஆவி கக்கிக்கொண்டு நிற்கும் பழைய வண்டிகளில் பலவற்றுக்குக் கோளாறு கூலன்ட்டில் அல்ல, ரப்பர் காய்ந்து அழுத்தம் பிடிக்காமல் போன மூடியில்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. மூடியின்மீது பொறித்திருக்கும் அழுத்த அளவைப் பார்த்தே வாங்க வேண்டும். கூடுதல் அழுத்தத்துக்கான மூடியைப் போட்டால் பழைய பற்றாசு தாங்காது.

இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டாம் என்று கழற்றிப் போடுவது பல பணிமனைகளில் பழக்கமாகிவிட்டது. அது இல்லாத இன்ஜின் காலையில் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும்; சிலிண்டர் தேயும், ஆயிலில் கசடு சேரும். பி சீரிஸ் இன்ஜினுக்கு வெப்ப நாடுகளுக்கென்றே 74 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் உண்டு. அதைப் போட்டுக்கொள்வதே முறை.

கூலன்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர் என்பதால், அதைத் தேர்ந்தெடுப்பதும் கூலன்ட்டைத் தேர்ந்தெடுப்பதன் பகுதியே. போர்வெல் தண்ணீரில் உள்ள கால்சியம், சூடான இடங்களில் பாறைபோலப் படியும். பாஸ்பேட் உள்ள கூலன்ட்டோடு சேர்ந்தால் கரையாத வண்டலாகி மெல்லிய குழாய்களை அடைக்கும். சிறுவாணித் தண்ணீர் குடிக்க அமிர்தமாக இருக்கலாம். ரேடியேட்டருக்கு அதையும் நான் ஊற்றுவதில்லை. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டர் கேனாகவே கிடைக்கிறது. ஆனால் அதைக் கூலன்ட் சேர்க்காமல் தனியாக ஊற்றி ஓட்டக் கூடாது. துருவைத் தடுக்க அதில் ஒன்றுமே இல்லை. முன்பு சிலர் லேத் பட்டறையில் பயன்படும் சொலுபில் ஆயிலை ரேடியேட்டரில் கலப்பார்கள். அது துருவைத் தடுத்தது உண்மைதான், ஆனால் ரப்பர் ஹோஸ்களை ஊதிப் பெருக்கச் செய்துவிடும்.

ரேடியேட்டர் சரியாகி வந்த பிறகு நான் செய்தது இது. கீழ்க் குழாயைத் திறந்ததோடு நிற்காமல், பிளாக்கில் உள்ள வடிகுழாயையும் திறந்தேன். முதலில் ஒரு சொட்டும் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தியதும் காப்பித்தூள் வண்டல்போலத் துரு கொட்டி, அதன் பின்தான் தண்ணீர் வந்தது. அந்த ஆரஞ்சுக் கூலன்ட்டை ஊற்றியபோது யாரும் அதைத் திறக்கவில்லை என்பது அப்போது தெரிந்தது. தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவினேன். கழுவிய தண்ணீர் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும் என்பதால், கலந்து விற்கும் கூலன்ட்டை வாங்காமல், தண்ணீர் கலக்காத அடர்கூலன்ட்டை வாங்கினேன். ஆறு லிட்டர் பிடிக்கும் வண்டி என்றால் முதலில் இரண்டு லிட்டர் அடர்கூலன்ட்டை ஊற்றிவிட்டு, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்ப வேண்டும். அப்போது விகிதம் தவறாது. பழைய வண்டியில் வழிந்ததைப் பிடித்துத் திருப்பியனுப்பும் பாட்டில் இல்லை. எனவே விளிம்புவரை நிரப்பாமல், சூட்டில் விரிய ஓர் அங்குலம் இடம் விட்டேன்.

வடித்த கூலன்ட்டை மூடியுள்ள கேனில் உடனே ஊற்றிவிடுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயோ பூனையோ சிறிதளவு நக்கினாலும் சிறுநீரகம் கெட்டு இறந்துபோகும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் பிளாக் வார்ப்பிரும்பாக இருந்தாலும் ஹெட் அலுமினியம். இரும்பும் அலுமினியமும் பித்தளையும் ஒரே தண்ணீரில் நிற்பதால் அங்கே கூலன்ட் இல்லாமல் ஓட்டுவது ஹெட்டைத் தின்னக் கொடுப்பதாகும். சிலிக்கேட் உள்ள வகை அதற்கும் பொருந்தும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு, அம்பாசிடர்போலவே இரும்பு பிளாக்கும் இரும்பு ஹெட்டும் என்பதால், மேலே சொன்னவை அப்படியே பொருந்தும். ரேடியேட்டரை மாற்றி அலுமினியம் போட்டவர்களுக்குப் பற்றாசுக் கவலை குறையும், ஆனால் ஹீட்டர் இருந்தால் அதன் உள்ளேயும் பற்றாசு இருக்கக்கூடும்.

மாதம் ஒரு முறை, இன்ஜின் முழுதாகக் குளிர்ந்த பிறகு, மூடியைத் திறந்து, அமிலத்தன்மை காட்டும் பிஎச் தாளை நனைத்துப் பார்க்கிறேன். 7.5-க்குக் கீழே இறங்கினால் இரண்டு ஆண்டு ஆகாவிட்டாலும் மாற்றிவிடுவது என்று வைத்திருக்கிறேன். அடர்த்தி காட்டும் மானி கிளைக்காலின் அளவை மட்டுமே சொல்லும். தடுப்புப் பொருள் தீர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. சென்ற ஞாயிறு தாள் 8.5 காட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாய் வாய்களைச் சுற்றிப் பெரியவர் வைத்த பற்றாசு, வைத்த நாளில் இருந்ததுபோலவே மங்கிய வெள்ளியாக இருந்தது. இப்போதுள்ள கூலன்ட்டுக்குத் தை மாதத்தோடு இரண்டு ஆண்டு நிறைகிறது. அடுத்த இரண்டு லிட்டர் புட்டியை வாங்கி வைத்துவிட்டேன்.