ஒற்றை ஸ்லீவ் எஞ்சின்: கம்ப்ரஷன் பிடித்தாயிற்று, தீப்பொறி பாக்கி

நான் கடைந்துவரும் சின்ன எஞ்சினின் கிராங்கை ஃபைரிங் டி.டி.சி-யில் (தீப்பற்றும் நேரத்தில் பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) பூட்டி, பிளக் துளை வழியாக 2 பார் காற்று கொடுத்தால், போர்ட்டுகளில் (வாயு வந்து போகும் துளைகளில்) தடவிய சோப்புத் தண்ணீரில் குமிழியே எழவில்லை. வால்வு, ஸ்பிரிங், ராக்கர் எதுவும் இல்லாமல், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே அசையும் ஸ்லீவ் என்ற ஒரே குழாய் போர்ட்டுகளைத் திறந்து மூடும் பர்ட்-மெக்கலம் வகை எஞ்சினில் இந்தக் கட்டத்தைத் தாண்டினால் பெரிய தலைவலி தீர்ந்தது.

அளவுகள்: போர் 20 மி.மீ, ஸ்ட்ரோக் 22, ஆக 6.9 சி.சி. ஸ்லீவ் சுவர் 1.5, வெளி விட்டம் 23. ஸ்லீவில் 3 போர்ட், சிலிண்டரில் 2 இன்லெட், 2 எக்ஸாஸ்ட். ஸ்லீவின் நடுப் போர்ட் இரண்டு வேலையும் பார்க்கும். பிரிஸ்டல் நிறுவனத்தின் ரேடியல் விமான எஞ்சின்களில் ஸ்லீவில் 4, சிலிண்டரில் 3+2 என்று இருந்த அதே கணக்கைச் சுருக்கியதுதான். ஸ்லீவை ஆட்டும் அரைவேக ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றும், அதன் பின் (pin) மையத்திலிருந்து 3.5 மி.மீ தள்ளியிருக்கும். அதனால் ஸ்லீவ் 7 மி.மீ ஏறி இறங்கும். கூடவே இருபுறமும் சுமார் 13 டிகிரி திரும்பும்.

இனி ஸ்லீவ். மொத்த உழைப்பில் முக்கால்வாசியை இந்த ஒரு குழாய்தான் தின்கிறது.

முடித்த ஸ்லீவில் போர்ட் வெட்டவே கூடாது. 1.5 மி.மீ சுவரில் எண்ட்மில் இறங்கியதும் உள்தகைவு விடுபட்டு வட்டம் முட்டையாகிவிடும். உள்ளே 19.6, வெளியே 23.6 என்று தடிமனாக விட்டு, போர்ட்டுகளை முதலில் வெட்டி, 550 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, அடுப்போடு ஆறவிட வேண்டும். பிறகுதான் போர், அதன் பிறகு மாண்ட்ரலில் (உள்ளே செருகும் தண்டில்) ஏற்றி வெளிப்புறம். டிரைவ் பின்னுக்கான காதைத் தனியாகப் பற்றவைக்க முயல வேண்டாம். அடியில் ஒரு காலர் விட்டுக் கடைந்து, வேண்டாததை மில்லிங்கில் எடுத்துவிடலாம்.

உள்ளே ஹோனிங் கல் விட்டால் அது போர்ட் விளிம்பில் தட்டித் தட்டி அந்த இடத்தை மட்டும் அகலமாக்கும். ஸ்லீவைவிட நீளமான, விரியும் பித்தளை லேப்தான் (பொடி தடவித் தேய்க்கும் தண்டு) சரி. பொடி அலுமினியம் ஆக்சைடு 600. சிலிக்கான் கார்பைடு வேண்டாம், வார்ப்பிரும்பில் பதிந்து தங்கி, ஓடும்போது பிஸ்டனைத் தின்னும். வெளிப்புறத்துக்குப் பிளந்த பித்தளை வளையம். இரண்டிலும் கையைத் திருப்பிக்கொண்டே முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் பீப்பாய் வடிவம் வரும்.

கிளியரன்ஸ் எவ்வளவு? ஓடும்போது சிலிண்டரைவிட ஸ்லீவ் 60 டிகிரி சூடாக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 23 மி.மீ வார்ப்பிரும்பு அதற்கு 15 மைக்ரான் கூடுதலாக விரியும். எண்ணெய்ப் படலத்துக்கு 10 சேர்த்தால் குளிரில் 25 முதல் 30 மைக்ரான் வேண்டும். 12 மைக்ரானில் கையில் வெண்ணெயாக ஓடும், சூடேறியதும் இறுகிப் பிடிக்கும். சிலிண்டரை அலுமினியத்தில் போட்டால் கதை தலைகீழ்: இடைவெளி சூட்டில் விரிந்து எண்ணெய் குடிக்கும். பிரிஸ்டல்காரர்கள் அலுமினியச் சிலிண்டருக்கு ஏற்ப அதிகம் விரியும் ஆஸ்டெனிடிக் எஃகை நைட்ரைடு செய்து ஸ்லீவாக்கியது இதனால்தான். இரண்டாம் உலகப் போர்க்கால விமான எஞ்சினான நேப்பியர் சேபரின் ஸ்லீவ் தகராறும் வட்டம் பிசகிய தகராறே. பிரிஸ்டலின் டாரஸ் எஞ்சின் ஸ்லீவை வைத்து, சென்டர்லெஸ் கிரைண்டிங்குக்கு (மையத்தில் பிடிக்காமல் உருட்டிச் சாணை பிடிப்பது) மாறிய பிறகே அது அடங்கியது.

கசிவு கடைசியாக நின்றது ஜங்க் ஹெட் (ஸ்லீவின் மேல்வாய்க்குள் இறங்கி நிற்கும் மூடி) ரிங்கில். ஃபைரிங் நேரத்தில் ஸ்லீவின் போர்ட்டுகள் மேலேறி, அந்த 1 மி.மீ ரிங்குக்கு மேல் ஒளிந்துகொள்ளும். அதாவது ஒவ்வொரு சுற்றிலும் போர்ட் விளிம்பு ரிங்கைக் கடக்கிறது. உள் விளிம்பில் 0.2 மி.மீ ரேடியஸ் கொடுத்து, எண்ணெய்க்கல்லில் தேய்த்து மழுக்காவிட்டால் ரிங் மாட்டி ஒடியும். ரிங்கின் பிளவு வாயையும் சின்னப் பின் போட்டு, இரண்டு போர்ட்டுகளுக்கு நடுவே நிற்கிற மாதிரி பூட்ட வேண்டும். ஸ்லீவ் திரும்பும் 13 டிகிரியையும் கணக்கில் சேர்த்து இடம் பாருங்கள்.

பொருள் வாங்குவோருக்கு: 32 மி.மீ கன்டினியூஸ் காஸ்ட் கம்பி என்று கேட்டால் சில கடைகள் மணல் வார்ப்புத் துண்டைத் தள்ளிவிடுகிறார்கள். மேல் தோல் சொரசொரப்பாக, மணல் ஒட்டியிருந்தால் அதுதான். இவ்வளவு மெல்லிய சுவரில் ஒரு ஊசித்துளை போதும், வேலை குப்பைக்குப் போகும். சென்டர்லெஸ் கிரைண்டிங் பட்டறைகள் ஒற்றைத் துண்டை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, எனவே லேப்பே கதி.

ஷாஃப்ட்டின் அசைவை ஸ்லீவுக்குக் கடத்தும் டிரைவ் பந்து 8 மி.மீ வெண்கலம், பின் 4 மி.மீ சில்வர் ஸ்டீல். இந்தப் பின், பந்துக்குள் 0.4 மி.மீ வழுக்கி ஓடும், ரீமர் போடாமல் டிரில் துளையோடு விட்டால் சீக்கிரம் ஆட்டம் காணும்.

டைமிங் இன்னும் பூட்டவில்லை. கியர் 20-க்கு 40 பல். ஒரு பல் தள்ளினால் கிராங்கில் 18 டிகிரி பிசகும் என்பதால் சாவி வெட்டாமல், எந்தக் கோணத்திலும் இறுக்கக்கூடிய டேப்பர் கிளாம்ப் போடப் போகிறேன். இக்னிஷன் காயில் வரும்வரை, அடுத்ததாக ஆர்.சி.வி (சுழலும் சிலிண்டர் வால்வு) பாணிக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் சிலிண்டரே அரைவேகத்தில் சுற்றும், மேலே ஒரே ஒரு போர்ட், ஏற்ற இறக்கம் கிடையாது. 1:2 பெவல் கியர் சின்ன அளவில் கிடைத்தால் அதையும் ஆரம்பித்துவிடலாம்.