விதை மூட்டையில் ஒரு ‘கோ’

சின்ன வயதில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் அடுக்கியிருந்த விதைநெல் மூட்டை ஒன்றில் ‘கோ 43’ என்று எழுதியிருந்தது. கோ என்றால் அரசன் என்று தமிழ் ஐயா அப்போதுதான் சொல்லிக்கொடுத்திருந்தார். நெல்லுக்கே ராஜா போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அது கோயம்புத்தூரின் கோ என்று தெரிய ரொம்ப வருஷம் ஆனது. மற்ற நெல் ரகங்களின் பெயரிலும் ஏ.டி.டி. என்றால் ஆடுதுறை, டி.கே.எம். என்றால் திரூர்க்குப்பம். எல்லாமே ஊர்ப் பெயர்கள்தான்.

போன மாதம் அண்ணன் மகளைச் சேர்க்க கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். லாலி ரோட்டில் இறங்கினோம். அந்த லாலி, மெட்ராஸ் கவர்னராக இருந்த ஆர்தர் லாலி. நான் தாலாட்டு லாலி என்று நினைத்திருந்தேன்!

இந்தப் படிப்பு தொடங்கியது கோவையில் இல்லை, சென்னை சைதாப்பேட்டையில். 1868-இல் அங்கே ஒரு விவசாயப் பள்ளி. இருபது வருஷமாக நான் குடியிருக்கும் சைதாப்பேட்டையில் தொட்டிச் செடி வைக்கவே இடமில்லை, அங்கே பண்ணை நடத்தியிருக்கிறார்கள். 1906-இல் கோவைக்கு மாறியது. பல்கலைக்கழகம் ஆனது 1971-இல்தான். எம்.எஸ். சுவாமிநாதன் படித்தபோதெல்லாம் அது வெறும் வேளாண் கல்லூரி.

எனக்கு முக்கியமான வருஷம் 1912. நெல் ஆராய்ச்சி நிலையம் அங்கே வந்த வருஷம். பார்னெல் என்ற வெள்ளைக்காரர் பொறுப்பில் இருந்தார். கோணாமணி என்ற நெல்லில் தானாக மாறி நின்ற பயிரைப் பிரித்தெடுத்து, 1921-இல் ஜி.ஈ.பி. 24 என்று வெளியிட்டார்கள். ‘கவர்ன்மென்ட் எகனாமிக் பொட்டானிஸ்ட்’ என்ற பதவியின் சுருக்கம் அது. இப்படியொரு பேரை எந்த விவசாயி கூப்பிடுவான்? கிச்சிலி சம்பா என்றார்கள்.

இதைப் படித்ததும் எனக்குத் தாத்தா ஞாபகம். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஐ.ஆர். 20 ரகத்தை ஊரெல்லாம் நட்டபோது, “பிலிப்பைன்ஸ்காரன் நெல்லு என் வயல்ல வேண்டாம்” என்று கிச்சிலியையே பிடித்துக்கொண்டிருந்தவர். ஆனால் ஐ.ஆர். 20-க்குத் தகப்பன் டி.கே.எம். 6. அதைப் பெற்ற இரண்டில் ஒன்று ஜி.ஈ.பி. 24. தாத்தா வாசலோடு திருப்பி அனுப்பியது கிச்சிலியின் பேரனை! அவர் பரம்பரை நெல் என்று நம்பிய கிச்சிலியும் சர்க்கார் பண்ணையில் பொறுக்கியெடுத்ததுதான்.

வளாகத்துக்குள் நெல் வயல் இன்னும் இருக்கிறது. வரப்பில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சித்தப்பாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“பேரனா இருந்தா என்னடா? கிச்சிலி சோறு மறுநாள் பழையதுக்கும் நல்லா இருக்கும். ஐ.ஆர். இருவது இருக்குமா?” என்றார். அப்புறம், அங்கே கிச்சிலி விதை கிடைக்குமா என்று விசாரிக்கச் சொன்னார்.