நீங்க எந்த வாதி?

மணிமேகலையின் இருபத்தேழாவது காதையை நடத்தும் நாளில் வகுப்பு சூடாவது வழக்கம்தான். மற்றக் காதைகளுக்குத் தூங்கி வழிகிறவர்கள்கூட அன்றைக்கு நிமிர்ந்து உட்காருவார்கள். வஞ்சி நகரத்தில் மணிமேகலை பத்து வாதிகளைத் தேடிப் போய், உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். அளவைவாதியில் தொடங்கிப் பூதவாதியில் முடியும் அந்தப் பட்டியலைப் போர்டில் எழுதிவிட்டுத்தான் நான் பாடத்தை ஆரம்பிப்பேன். தேர்வுக்கு உதவும் என்று பிள்ளைகளும் முதலில் அதைத்தான் நோட்டில் ஏற்றுவார்கள்.

போன செமஸ்டரிலும் அப்படித்தான் ஆரம்பித்தேன். செமஸ்டர் முடிந்து மார்க்கும் போட்டாயிற்று. ஆனால் அந்த வகுப்பின் கடைசியில் நடந்த பேச்சு இன்னும் என்னை விடவில்லை.

சைவவாதி, தன் ஈசன் எல்லாவற்றையும் படைத்து விளையாடுகிறவன் என்கிறார். பிரமவாதி ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்: உலகம் முழுவதும் ஒரு தேவன் இட்ட முட்டை. "பிக் பேங்தானே அம்மா அது?" என்று ஒரு குரல் வந்தது, வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். வைணவவாதி, நாரணன் காப்பு என்கிறார். வேதவாதியோ வேதத்துக்கு ஆதியும் இல்லை, அந்தமும் இல்லை என்கிறார். ஆசீவகவாதிக்கு எல்லாம் அணு. அந்த அணுக்கள் புதிதாகப் பிறப்பதும் இல்லை, அழிவதும் இல்லை. சாங்கியவாதி மூலப்பகுதி என்ற ஒன்றிலிருந்து உலகம் விரிந்து வந்த கணக்கைச் சொல்கிறார். கடைசியில் பூதவாதி. ஆத்திப்பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றதையும் கூட்டினால் மதுவில் வெறி பிறக்கிறதல்லவா, அதுபோல நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது, பிரிந்தால் போய்விடுகிறது. கண்ணால் கண்டதுதான் அளவை, அதாவது அறிவுக்குச் சான்று. மறுமை என்பது பொய்.

"இவர் சொல்றதுதாம்மா சரி" என்றான் ஒரு மாணவன். கல்லூரிக்கு வெளியே பெரியார் படிப்பு வட்டத்துக்குப் போகிறவன். நன்றாகப் படிப்பான், படித்ததைப் பேசவும் செய்வான்.

அவனுக்குப் பதிலாக மணிமேகலையின் பதிலையே சொன்னேன். "கண்ணால் கண்டதைத்தான் நம்புவேன் என்றால், உன் தாய் தந்தையை எப்படி அறிந்தாய்? அனுமானத்தால்தானே?" இதைத்தான் அவள் பூதவாதியிடம் கேட்கிறாள். வகுப்பில் 'ஓ' என்று ஒரு சத்தம்.

அவன் அசரவில்லை. "அப்பா அம்மான்னா ஊர்ல நாலு பேரைக் கேட்கலாம்மா. ஆஸ்பத்திரி ரெக்கார்டு இருக்கு. இன்னைக்கு டிஎன்ஏ டெஸ்ட்டே இருக்கு. கடவுளுக்கு யாரைப் போய்க் கேட்கிறது?" இந்த முறை கைதட்டலே வந்தது.

நாலு பேர் சொல்வதும் பிறர் வாய்ச்சொல்தானே, ரெக்கார்டை நம்புவதும் அனுமானம்தானே என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் கேட்டான்: "சரிம்மா, நீங்க எந்த வாதி?"

நான் சொன்ன பதிலும் காவியத்தில் இருப்பதுதான். எல்லா மார்க்கமும் கேட்டபின் மணிமேகலை சொல்கிறாள்: இவை நன்றல்ல, ஆயினும் 'நான் மாறு உரைக்கிலேன்'. அதைச் சொல்லி, "நானும் அப்படித்தான், யாருக்கும் மாறு சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவன் புத்தகத்தைப் பார்த்தபடியே சொன்னான்: "அடுத்த வரியிலேயே சிரிக்கிறாளேம்மா. மத்த ஒன்பது பேர்கிட்டயும் பேசாம இருந்துட்டு, பூதவாதிகிட்ட மட்டும்தான் சண்டைக்குப் போறா." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீங்களும் இன்னைக்கு அதையேதான் செஞ்சீங்க" என்றான்.

பெல் அடித்துவிட்டது.

அவன் சொன்னது உண்மை. முட்டைக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. விளையாட்டாகப் படைத்த ஈசனிடம் ஏன் படைத்தாய் என்று கேட்கவில்லை. இவனிடம் மட்டும் அனுமானத்தை எடுத்தேன். ஆனால் பாடத்தில் அந்த இடத்தில் அந்த வாதம் இருக்கிறது. பூதவாதி வரும்போது அதைச் சொல்லாமல் போனால்தான் நான் பாடத்தை மறைத்ததாகும். மணிமேகலையின் சிரிப்பும் கடவுளுக்காக எழுந்தது இல்லையே. முற்பிறப்பை அறிந்தவள் அவள். மறுமை பொய் என்று ஒருவர் சொன்னதும் சிரிக்கிறாள். படைத்தவன் ஒருவன் உண்டு என்று அவள் எங்கும் வாதாடவில்லை. அவள் போய்ச் சேர்ந்த பௌத்தத்திலும் படைப்புக் கடவுளுக்கு இடம் கிடையாது. இத்தனையும் அவனுக்குச் சொல்லியிருக்கலாம். அடுத்த வகுப்பில் சொல்லவும் சொன்னேன். கேட்டுக்கொண்டான். "ஆனா நான் கேட்டது உங்களைப் பத்திம்மா" என்றான்.

துறையில் மூத்த பேராசிரியர் ஒருவர், "சொல்லாம இருந்தியே, அதுவே பெரிய விஷயம்மா" என்றார். இன்றைய நிலைமையில் வகுப்பில் சொன்ன ஒரு வாக்கியம் சாயங்காலத்துக்குள் எங்கெங்கோ போய்விடும் என்பது அவர் கவலை. எனக்கு அந்தப் பயம் பெரிதாக இல்லை. என் காரணம் வேறு. இருபத்தைந்து இன்டர்னல் மார்க் என் கையில் இருக்கிறது. நான் இந்தப் பக்கம் என்று சொன்ன நிமிடமே வகுப்பில் பாதிப் பேர் என் பக்கத்தை எழுத ஆரம்பித்துவிடுவார்கள், மீதிப் பேர் பயப்படுவார்கள். அவன் தாளைத் திருத்தும்போது பதிவெண் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மறைத்துக்கொண்டுதான் திருத்தினேன். அப்படியும் 'ழ'கரத்தின் வாலை அவன் இழுக்கிற இழுப்பில் யாருடைய தாள் என்று தெரிந்துபோயிற்று.

பக்கத்து அறை இயற்பியல் பேராசிரியரிடம் அந்த 'பிக் பேங்' கேள்வியைப் பற்றிச் சொன்னேன். அவர் ஜார்ஜ் லெமைத்ர் பற்றிச் சொன்னார். பெல்ஜியத்துக் கத்தோலிக்கப் பாதிரியார், இயற்பியலாளர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதியவர், எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியது என்ற கருத்தை 1931-இல் முன்வைத்தவர். 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ், உலகுக்குத் தொடக்கம் உண்டு என்று அறிவியலே சாட்சி சொல்கிறது என்பதுபோலப் பேசியபோது லெமைத்ருக்கு அது பிடிக்கவில்லையாம். தன் கொள்கைக்கும் மதத்துக்கும் முடிச்சுப் போடுவதை அவர் விரும்பவில்லை. கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. என் பக்கத்துக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டார் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போகிற வழியில்தான் உறைத்தது: அவர் எதையும் மறைக்கவில்லையே. கழுத்துப் பட்டையோடுதான் கரும்பலகை முன் நின்றார். அவர் நம்பிக்கை என்ன என்று ஊருக்கே தெரியும். அதனால் அவருடைய சமன்பாடு கெட்டுப்போகவில்லை.

நம் உ.வே.சா.வும் அப்படித்தானே. திருவாவடுதுறைச் சைவ மடத்தில் படித்தவர், திருநீற்றோடு இருந்தவர். பௌத்தம் புரியாமல் மணிமேகலையைப் பதிப்பிக்க முடியாது என்று கும்பகோணம் கல்லூரியில் உடன் வேலை பார்த்த ரங்காசாரியாரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டு, 1898-இல் அந்த நூலைக் கொண்டுவந்தார். நான் எந்த வாதி என்று அவர் ஒளிக்கவும் இல்லை, பௌத்தத்தைக் குறைத்து எழுதவும் இல்லை. அப்படியிருக்க, நேர்மையாகப் பாடம் நடத்த நான் மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்ள வேண்டும்? மணிமேகலைக்காவது காரணம் இருந்தது. வளையணிந்த இளம்பெண் என்று உனக்கு யாரும் பொருள் உரைக்க மாட்டார்கள், வேற்றுரு எடுத்துக்கொள் என்று சொல்லித்தான் அவளை அனுப்பினார்கள். மாதவன், அதாவது ஆண் தவசி, வடிவில் நின்றுதான் அவள் அத்தனையையும் கேட்டாள்.

இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அதே வகுப்புப் பெண் ஒருத்தி அசைன்மென்ட் கொடுக்க வந்தாள். பெந்தகோஸ்தே குடும்பம், ஞாயிற்றுக்கிழமை சபையில் பாடுகிறவள். ஏதாவது ஒரு வாதியை எடுத்து அவர் தரப்பை எழுதச் சொல்லியிருந்தேன். அவள் பூதவாதியை எடுத்திருந்தாள், பக்கம் பக்கமாக, நல்ல வலுவோடு. ஏன் இவரை எடுத்தாய் என்றேன். "எங்க வீட்ல இந்தப் பேச்சையே எடுக்க முடியாதும்மா. நீங்க உங்க பக்கத்தைச் சொல்லியிருந்தா நான் அதையேதான் எழுதியிருப்பேன்" என்றாள். அவள் நம்பிக்கை அப்படியேதான் இருக்கிறது என்றும் சொன்னாள். எதிர்த் தரப்பு இவ்வளவு யோசித்திருக்கும் என்று தெரியாது, அவ்வளவுதான் என்றாள். அவளுக்காகவாவது நான் பேசாமல் இருந்தது நல்லது என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கும் தோன்றுகிறது. அந்தப் பையனின் முகம் ஞாபகத்துக்கு வருகிறவரை.

வகுப்பில் சொல்லாததை இங்கே சொல்கிறேன். நான் கும்பிடுகிறவள். எங்கள் ஊர் மாரியம்மனுக்கு ஆடியில் கூழ் ஊற்றாமல் இருந்ததில்லை. ஆனால் அவள்தான் இந்த உலகத்தைப் படைத்தாளா என்று ஒருநாளும் எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவளைக் கூப்பிடுவேன். உலகம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சாங்கியவாதியின் கணக்குத்தான் என் மனசுக்கு ஓரளவு ஒத்துப்போகிறது. கடவுள் உண்டா என்பதும், உலகை உண்டாக்கியவர் யார் என்பதும் எனக்கு இரண்டு தனிக் கேள்விகள். அந்தக் காதையிலும் அப்படித்தான். பத்துப் பேரில் படைத்தவனை முன்னிறுத்துகிறவர்கள் கொஞ்சம்தான். வேதத்தைப் போற்றுகிறவர்கூட அங்கே வேதத்துக்கு ஆதி இல்லை என்பதோடு நின்றுவிடுகிறார். இதையெல்லாம் பெல் அடிப்பதற்குள் எப்படிச் சொல்வது? 'உண்டு' என்றால் அவன் தோற்றதாக நினைப்பான், 'இல்லை' என்றால் அந்தப் பெண் வேறு வாதியை எடுத்திருப்பாள். இரண்டும் என் பதில் ஆகாது.

இது சமாதானமோ என்றும் படுகிறது. நீளமான பதில் என்றால் நீளமாகச் சொல்ல வேண்டியதுதானே. அவன் கேட்கத் தயாராகத்தான் இருந்தான்.

வருகிற செமஸ்டரிலும் அந்தக் காதை எனக்குத்தான் வருகிறது. இந்த முறை பத்து வாதிகளையும் சீட்டில் எழுதிப் போட்டுக் குலுக்கி எடுக்கச் சொல்லலாம் என்று இருக்கிறேன். யாருக்கு யார் வருகிறாரோ அவர் தரப்பைப் பேச வேண்டும். என்னையும் ஒரு சீட்டு எடுக்கச் சொல்வார்கள், எடுப்பேன். பேசி முடித்தபின் எவனாவது ஒருவன் எழுந்து, "சரிம்மா, இப்ப நிஜத்தைச் சொல்லுங்க" என்பான். அப்போது என்ன செய்வது என்பது இன்னும் முடிவாகவில்லை.