மாமியாருக்காகத் தமிழ் சப்டைட்டில் எழுதிய மூன்று படங்கள்

2024 ஜனவரியில் பெலால் புயல் மொரீஷியஸைத் தாக்கியபோது, காத்ர் போர்னில் உள்ள எங்கள் வீட்டில் கதவடைத்து உட்கார்ந்திருந்த நாட்களில்தான் இந்த வேலை தொடங்கியது. மின்சாரம் திரும்பிய மாலையில், பிரெஞ்சு மொழியில் குரல் மாற்றப்பட்ட ஓர் அமெரிக்கச் சண்டைப்படம் தொலைக்காட்சியில் ஓடியது. அமெரிக்க நாயகர்கள் எல்லோரும் இங்கே பாரிஸ்காரர்களாகவே பேசுவார்கள் என்பது எங்களுக்குப் பழகிப்போன வேடிக்கை. கும்பகோணத்திலிருந்து வந்து நான்கு ஆண்டுகளாக எங்களோடு வசிக்கும் என் மாமியாருக்குப் பிரெஞ்சு தெரியாது. உள்ளூர்ப் பேச்சுமொழியான கிரியோலும் தால் பூரி வாங்கி வரும் அளவுக்குத்தான் தெரியும். ஆனாலும் படம் முடிந்ததும் யார் நல்லவன், யார் துரோகி, எந்த இடத்தில் எதற்காக அழுதார்கள் என்று கதையை முழுதாகச் சொன்னார். எப்படிப் புரிந்தது என்று கேட்டேன். “அதான் மியூசிக்கைப் போட்டுப் போட்டுச் சொல்லிடறானே மாப்பிள்ளை” என்றார்.

இரண்டு நாள் கழித்து, அப்பாஸ் கியாரோஸ்தமி 1987இல் எடுத்த ‘நண்பனின் வீடு எங்கே?’ என்ற ஈரானியப் படத்தைப் பிரெஞ்சு சப்டைட்டிலோடு நான் பார்த்துக்கொண்டிருக்க, அத்தையும் வந்து உட்கார்ந்தார். இசை அரிதாகவே வரும் அந்தப் படத்தில் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. “அந்த நோட்டுக்கு என்ன, இவ்வளவு ஓடறான்?” என்று மட்டும் கேட்டார். வகுப்புத் தோழனின் நோட்டைப் பையன் தவறுதலாக எடுத்து வந்துவிட்டான் என்றும், நாளை வீட்டுப்பாடத்தை அதே நோட்டில் எழுதிக் காட்டாவிட்டால் அந்தத் தோழனைப் பள்ளியிலிருந்து நீக்கிவிடுவதாக ஆசிரியர் மிரட்டியிருக்கிறார் என்றும் சொன்னேன். அதன்பின் அவர் கடைசிக் காட்சிவரை எழுந்திருக்கவில்லை. ஒரே ஒரு செய்தி கையில் கிடைத்தால் போதும், மீதியைக் கண்ணாலேயே எடுத்துக்கொள்ள முடிகிற படங்களுக்குத் தமிழில் வரிகள் எழுதிப் பார்க்கலாமே என்று அன்றிரவுதான் தோன்றியது.

தொழில்நுட்பம் சிறிதுதான். எஸ்ஆர்டி என்ற கோப்பில் வரிசை எண், வரி தோன்றும் நேரம், மறையும் நேரம், பிறகு வசனம், இவ்வளவே. சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் எழுதி, தமிழ் எழுத்துகளையும் ஏற்கும் யுடிஎஃப்-8 முறையில் சேமித்து, படக்கோப்பின் பெயரையே அதற்கும் வைத்துவிட்டால் படம் ஓட்டும் மென்பொருளான விஎல்சி தானாக எடுத்துக்கொள்கிறது. முதல்நாள் தமிழுக்குப் பதில் வெறும் கட்டங்கள் வந்தன. எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றியதும் சரியாயிற்று. உண்மையான தொல்லை நேரத்தில் இருந்தது. தொடக்கத்தில் உதட்டோடு பொருந்திய வரிகள், போகப்போகப் பின்தங்கி, ஒரு மணி நேரத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் தாமதமாக வந்தன. நொடிக்கு 24 சட்டகங்களாக எடுக்கப்பட்ட படத்தை ஐரோப்பிய டிவிடி தட்டுகள் 25ஆக ஓட்டுகின்றன என்பதும், அதனால் ஒரு மணி நேரப் படம் 2 நிமிடம் 24 நொடி முன்னதாகவே முடிந்துவிடும் என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மென்பொருளில் அந்த விகிதத்தை மாற்ற ஒரு சொடுக்குப் போதும். அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஒவ்வொரு வரியாகக் கையால் நகர்த்தி இரண்டு வார இறுதிகளை வீணாக்கியிருந்தேன். காசு கொடுத்து வாங்கிய தட்டுகளுக்கு, எங்கள் கூடத்துக்குள் மட்டும் பார்ப்பதற்காக எழுதியவை இவை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஈரானியப் படத்தில் நான் செய்த பெரிய பிழை தமிழ் ஆசிரியனுக்கே உரிய பிழை. பையன் தன் தாயிடம், நண்பனின் நோட்டைக் கொடுத்துவிட்டு வரவேண்டும் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறான். தாயும் வீட்டுப்பாடத்தை எழுது என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். கூறியது கூறல் குற்றம் என்று மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய கை, ஒவ்வொரு முறையும் வரியை வேறுவிதமாக எழுதியது: ஒருமுறை கெஞ்சல், ஒருமுறை விளக்கம், ஒருமுறை வாதம். எழுதியதைப் படத்தோடு ஓட்டிப் பார்த்தபோது பையன் திடீரென்று புத்திசாலியாகத் தெரிந்தான், அது எனக்கு அறவே பிடிக்கவில்லை. அவனிடம் வேறு சொல் இல்லை. பெரியவர்களின் காதில் விழாத அந்த ஒரே வாக்கியத்தோடுதான் அவன் ஓடுகிறான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே வரியை அத்தனை இடங்களிலும் ஒட்டினேன். வணிகப்படமாக இருந்திருந்தால் நான் முதலில் எழுதியபடிதான் எழுதியிருப்பார்கள், ஏனென்றால் அங்கே யாரும் சொல்லிழந்து நிற்பதற்கு நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

அதே படத்தில் தாத்தா ஒருவர், தன் தகப்பனார் வாரம் ஒரு காசும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடியும் கொடுப்பார், காசை மறந்தாலும் அடியை மறக்கமாட்டார் என்று பெருமையாகச் சொல்வார். அத்தை வாய்விட்டுச் சிரித்தார், பிறகு வெகுநேரம் தன் அப்பாவைப் பற்றிப் பேசினார். மேட்டின்மேல் வளைந்து வளைந்து ஏறும் பாதையைக் கண்டதும், இங்கே கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்கு மூட்டுவலியோடு ஏறியது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். “பாவம், திரும்பவும் ஏறணுமா” என்றார். அந்தப் பாதை படத்துக்காகவே போடப்பட்டது என்று நான் சொன்னதை அவர் ரசிக்கவில்லை.

அடுத்தது, வித்தோரியோ தெ சிக்காவின் 1948ஆம் ஆண்டு இத்தாலியப் படம். என்னிடம் இருந்த தட்டின் பிரெஞ்சுத் தலைப்பில் திருடன் ஒருமை. நானும் ‘சைக்கிள் திருடன்’ என்றே எழுதி வேலையைத் தொடங்கினேன். இத்தாலிய மூலத்திலோ அது பன்மை, ‘சைக்கிள் திருடர்கள்’. ஏன் பன்மை என்பது கடைசியில்தான் விளங்கும்: சைக்கிளைப் பறிகொடுத்தவனே, வேறு வழி தெரியாமல் மகன் கண் முன்னால் இன்னொருவன் சைக்கிளில் கை வைத்துப் பிடிபடுகிறான். ஒரு விகுதியை மாற்றியதில் படம் முழுவதையும் மீண்டும் ஒருமுறை பார்க்கவேண்டியதாயிற்று. நாயகனாக நடித்தவர் நடிகரே அல்லர், தொழிற்சாலைத் தொழிலாளி. நடை, தோள், தொப்பியைப் பிடிக்கும் விதம் எல்லாவற்றிலும் அது தெரிகிறது.

இந்தப் படத்தில் நான் எழுதியவற்றைவிட அழித்தவை அதிகம். படத்தின் தொடக்கத்தில், அடகில் இருக்கும் சைக்கிளை மீட்பதற்காக மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைக்கிறாள். அடகுக்கடை ஊழியர் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு, கூரைவரை அடுக்கப்பட்ட மற்ற மூட்டைகளின் நடுவே ஏறுகிறார். எத்தனை வீடுகள் தரையில் படுத்துறங்குகின்றன என்பதை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த இடத்தில் அடகுக்கடை முகப்பில் நடக்கும் பேச்சுக்குக் கூட வரி போட்டிருந்தேன். “எழுத்தைப் படிக்கறதா, அந்த அடுக்கைப் பார்க்கறதா?” என்று அத்தை கேட்டதும் எடுத்துவிட்டேன். பித்தளை அண்டாவும் குத்துவிளக்கும் சேட்டுக்கடைக்குப் போய் வந்த கதை அன்றிரவு சாப்பாட்டின்போது வந்தது. பாட்டே இல்லாத படமா என்ற பழைய குறை மட்டும் அவருக்கு இருந்தது. 1954இலேயே நம்மவர்கள் பாட்டில்லாமல் ‘அந்த நாள்’ எடுக்கவில்லையா என்று நான் கேட்டதற்கு, “அதுல சிவாஜி இருந்தாரே” என்று முடித்துவிட்டார்.

ஜப்பானிய இயக்குநர் ஓஸு யசுஜிரோவின் ‘டோக்கியோ கதை’தான் என்னை அதிகம் வேலை வாங்கியது. 1953இல் வந்த, 136 நிமிடங்கள் ஓடும் படம். ஒனோமிச்சியிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோவுக்கு வரும் முதிய தம்பதியைப் பிள்ளைகள் சுமையாக எண்ணி வெந்நீரூற்று ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள். போரில் இறந்த மகனின் மனைவி நொரிகோ மட்டும் விடுப்பு எடுத்து அவர்களோடு இருக்கிறாள். பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் கேமரா இருப்பதால், நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து பார்த்தார் அத்தை. நொரிகோ மாமியாரை எப்படி அழைப்பாள் என்பதில்தான் சிக்கல். பிரெஞ்சு வரி அதைத் தொடவே இல்லை. நான் ‘அத்தை’ என்று எழுதினேன். தமிழ்க் காதுக்கு அதுதான் இயல்பு. ஆனால் படத்தைக் கூர்ந்து கேட்டபோது, பெற்ற மகள் அழைக்கிற அதே அம்மா என்ற பொருளுடைய சொல்லின் மரியாதை வடிவம்தான் மருமகளின் வாயிலும் வந்தது. ‘அத்தை’ என்று போட்டால், இவள் வெளியிலிருந்து வந்தவள் என்பதை ஒவ்வொரு வரியும் முன்கூட்டியே நினைவூட்டும். ‘அம்மா’ என்று போட்டால், யார் மகள், யார் மருமகள் என்பதே தமிழ்ப் பார்வையாளருக்குச் சிறிது நேரம் குழம்பும். அந்தக் குழப்பம் படத்துக்கு நல்லதே என்று முடிவுசெய்து ‘அம்மா’ என்று வைத்தேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் முறை பார்த்தபோது, “சொந்தப் பொண்ணைவிட இவ கூப்பிடறதுதான் நல்லா இருக்கு” என்றார்.

எல்லாம் இப்படி அமையவில்லை. ரஷ்ய இயக்குநர் தார்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்கர்’ படத்தில் மூவர் தண்டவாள வண்டியில் வெகுநேரம் போய்க்கொண்டே இருக்கும் காட்சியில் அத்தை எழுந்து கத்திரிக்காய் நறுக்கப் போய்விட்டார். அந்தப் படத்துக்கு வரி எழுதும் எண்ணத்தை நானும் விட்டுவிட்டேன். மெதுவாக நகரும் படம் எல்லாம் உயர்ந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. ஓஸுவின் மெதுவில் யாராவது ஒருவர் துணி மடிக்கிறார், விசிறிக்கொள்கிறார்; அந்த வேலைகளைத் தன் கையால் செய்தவருக்கு அங்கே அலுப்பு வருவதில்லை.

‘டோக்கியோ கதை’ கோப்பில் ஒரு வரி மட்டும் இன்னும் முடியவில்லை. தாய் இறந்த பிறகு, பெற்ற பிள்ளைகளின் அவசரத்தைக் கண்டு மனம் கசந்த கடைசி மகள், வாழ்க்கை ஏமாற்றம் தருவதுதான் இல்லையா என்ற பொருளில் நொரிகோவிடம் கேட்கிறாள். நொரிகோ சிரித்துக்கொண்டே ஆமாம் என்கிறாள். ‘வாழ்க்கையே ஏமாற்றம்தான், இல்லையா?’ என்று எழுதினால் மேடைப்பேச்சாகிறது. ‘இவ்வளவுதானா வாழ்க்கை?’ என்று போடச் சொல்கிறார் அத்தை. கேள்வி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு அந்தச் சிரிப்போடு ஆமாம் என்று சொல்லும்போது, நொரிகோ ஒத்துக்கொள்வது வேறொன்றாகிவிடுகிறது. இரண்டையும் எழுதி, ஒன்றை மறைத்து வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு.