பரிந்துரைப் படிவத்தின் ஏழாவது கேள்வி

அமெரிக்காவில் என் மகள் படித்து முடித்த அரசு உயர்நிலைப்பள்ளியின் நுழைவாயிலைத் தாண்டியதும், அலுவலகத்துக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் இடையிலுள்ள நீண்ட சுவரில் பித்தளைத் தகடுகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு முகம், ஒரு பெயர், படிப்பை முடித்த ஆண்டு, நான்கைந்து வரிகளில் ஒரு பாராட்டுரை. சாதனை படைத்த முன்னாள் மாணவர்களை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்து அந்தச் சுவரில் ஏற்றும் குழுவில் மூன்றாண்டுகளாக நானும் ஓர் உறுப்பினன். பெற்றோர் தரப்பில் ஒருவர் வேண்டும் என்று கேட்டபோது கையைத் தூக்கியதைத் தவிர எனக்கு வேறு தகுதி எதுவும் கிடையாது. முதல் கூட்டத்துக்குப் போகும்போது, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிற எளிய வேலை என்றுதான் நினைத்திருந்தேன். நான்கு மணி நேரம் கழித்து, ஒரு பெயரில்கூட உடன்பாடு ஏற்படாமல் வீடு திரும்பினேன்.

நடைமுறை சிக்கலானதன்று. யார் வேண்டுமானாலும் யாரையும் பரிந்துரைக்கலாம். பரிந்துரைக்கப்படுபவர் பள்ளியை விட்டுப் 10 ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். அவரை நன்கு அறிந்த இருவரின் கடிதங்கள் படிவத்தோடு வர வேண்டும். தலைமையாசிரியர், ஆசிரியர்கள் இருவர், முன்னாள் மாணவர்கள் இருவர், இப்போது படிக்கும் மாணவி ஒருத்தி, நான் என்று ஏழு பேர் உட்கார்ந்து படித்து, விவாதித்து, வாக்களிக்கிறோம். விளையாட்டு வீரர்களுக்கு உடற்பயிற்சிக் கூடத்தில் தனிச்சுவர் இருப்பதால், அந்தச் சண்டையிலிருந்து எங்களுக்கு விடுதலை. பள்ளிக்குப் பெருந்தொகை கொடுத்தவர்களின் பெயர்கள் அவ்வப்போது வரத்தான் செய்கின்றன. கொடையைப் பாராட்ட வேறு வழிகள் இருக்கின்றன என்று தலைமையாசிரியர் ஒவ்வோர் ஆண்டும் ஒரே சொற்களில் சொல்லி, அந்தப் படிவங்களை மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறார்.

அந்தப் பத்தாண்டு விதி எனக்குத் தொடக்கத்தில் தேவையற்ற கெடுபிடியாகத் தோன்றியது. ஆனால் பாராட்டுவோர் அவசரப்படக்கூடாது என்ற எச்சரிக்கை இந்த நாட்டில் பழையது. நியூயார்க் பல்கலைக்கழகம் தன் பிராங்க்ஸ் வளாகத்தில் அமெரிக்கப் பெருமக்களுக்காக எழுப்பிய புகழ் மண்டபம் 1901இல் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் நடந்த முதல் தேர்தலில் 29 பேர் இடம்பெற்றனர். ஒருவர் இறந்து 10 ஆண்டுகளாவது கழிந்திருக்க வேண்டும் என்று தொடங்கிய அதன் விதி, பிற்பாடு 25 ஆண்டுகளாக நீட்டப்பட்டது. அவ்வளவு காத்திருந்து, அவ்வளவு ஆராய்ந்து ஏற்றிய பெயர்களிலும் பிழை நேர்ந்தது: உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காத்துநின்ற தென்மாநிலங்களின் தளபதிகளான ராபர்ட் லீ, ஸ்டோன்வால் ஜாக்சன் ஆகிய இருவரின் மார்பளவுச் சிலைகள் 2017இல் அங்கிருந்து அகற்றப்பட்டன. ஆகவே எங்கள் விதிகளின் கடைசிப் பக்கத்தில், வழங்கிய சிறப்பைத் திரும்பப் பெறும் உரிமை குழுவுக்கு உண்டு என்று ஒரு வரி இருப்பதில் எனக்கு இப்போது வியப்பில்லை. தகடுகளைச் சுவரில் ஒட்டாமல் திருகாணியால் பொருத்தியிருப்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

இறந்தவர்களை மட்டுமே பாராட்டுவது பாதுகாப்பானதுதான். இருந்தாலும் உயர்நிலைப்பள்ளிக்கு அது பயன்படாது. சுவரில் ஏறுபவர் விழாவன்று காலையிலேயே வந்து, இரண்டு மூன்று வகுப்புகளில் உட்கார்ந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் கேட்கும் கூச்சமற்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மாலை விழாவைவிட அந்தக் காலை நேரமே உண்மையான விழா என்பது என் எண்ணம்.

முதலாண்டு எங்களை நான்கு மணி நேரம் இழுத்தடித்த சிக்கல் வேறு. வந்திருந்த படிவங்கள் அத்தனையும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பதவி, எத்தனை விருதுகள், எத்தனை காப்புரிமைகள். ஒரு நீதிபதியையும், இதய அறுவை மருத்துவரையும், வீடற்றோருக்கான காப்பகத்தை இருபது ஆண்டுகள் நடத்திய பெண்ணையும் அருகருகே வைத்து எடைபோடச் சொன்னால் யாரால் முடியும்? பட்டியலின் நீளத்தை அளந்துகொண்டிருந்தோம். பட்டியலில் எங்குமே பள்ளி இல்லை என்பதை, எங்கள் குழுவின் மாணவிதான் முதலில் கவனித்துச் சொன்னாள். "இவர்கள் எல்லாரும் வேறு எந்தப் பள்ளியில் படித்திருந்தாலும் இதே படிவத்தை அனுப்பியிருக்கலாமே" என்றாள்.

அன்றிரவு எனக்கு பால் பெர்க் நினைவுக்கு வந்தார். புரூக்ளினிலுள்ள ஆபிரகாம் லிங்கன் உயர்நிலைப்பள்ளி, வரிப்பணத்தில் நடக்கும் சாதாரணப் பொதுப்பள்ளி. அங்கே படித்தவர்களில் மூவர் நோபல் பரிசு பெற்றிருக்கிறார்கள்: 1959இல் மருத்துவத்துக்காக ஆர்தர் கோர்ன்பெர்க், 1980இல் வேதியியலுக்காக பால் பெர்க், 1985இல் மீண்டும் வேதியியலுக்காக ஜெரோம் கார்ல். நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லரும் அந்தப் பள்ளியின் மாணவரே. நோபல் பரிசை ஒட்டி எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில், தன்னை அறிவியலின் பக்கம் திருப்பியவராக பெர்க் குறிப்பிடுவது வகுப்பறை ஆசிரியர் ஒருவரையன்று. ஸோஃபி வுல்ஃப் என்ற பெண்மணியை. வேதியியல், இயற்பியல், உயிரியல் வகுப்புகளுக்கு வேண்டிய குடுவைகளையும் வேதிப்பொருள்களையும் எடுத்துக்கொடுக்கும் பண்டக அறையைப் பார்த்துக்கொள்வதே அவருடைய வேலை. பிள்ளைகள்மீதும் அறிவியல்மீதும் இருந்த பற்றினால், பள்ளி முடிந்த பிறகு அறிவியல் மன்றங்களை அவர் நடத்தினார். மாணவர்கள் எதையாவது கேட்டால் விடையைச் சொல்லிவிடமாட்டார். நீங்களே கண்டுபிடியுங்கள் என்று அவர்களை நூலகத்துக்கோ, சிறிய ஆய்வகத்துக்கோ அனுப்பிவைப்பார். கேள்விகள் குட்டி ஆராய்ச்சிகளாக வளர்ந்தன. படித்த தகவல்கள் பலவும் காலப்போக்கில் மறந்துபோயின என்றும், கண்டுபிடிப்பின் பரவசம் மட்டும் தன்னை விட்டு விலகவில்லை என்றும் பெர்க் எழுதுகிறார்.

மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டும் நுட்பத்துக்கு அடிகோலிய ஒரு வாழ்க்கையின் தொடக்கத்தில், பண்டக அறையின் சாவிக்கொத்தோடு ஒருவர் நிற்கிறார். பெர்க் தாமே எழுதிவைத்திராவிட்டால் அவரைப் பற்றி நமக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. எந்தத் தேர்வுக் குழுவும் அவரைத் தேடிக் கண்டடைந்திருக்காது. குழுவின் படிவத்தில் அப்படியொரு கேள்வியே இல்லை.

இன்னொரு பள்ளியையும் சொல்ல வேண்டும். 1938இல் தொடங்கப்பட்ட பிராங்க்ஸ் அறிவியல் உயர்நிலைப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள் ஒன்பது பேர் நோபல் பரிசு பெற்றிருக்கிறார்கள். நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கும் பள்ளிக்கு இதில் என்ன பெருமை என்று கேட்பவர்கள் உண்டு, நானும் கேட்டிருக்கிறேன். 1979இல் இயற்பியல் பரிசை அப்துஸ் சலாமுடன் பகிர்ந்துகொண்ட ஷெல்டன் கிளாஷோவும் ஸ்டீவன் வைன்பெர்க்கும் அங்கே 1950இல் ஒன்றாகப் படிப்பை முடித்தவர்கள். பாதாள ரயிலில் பள்ளிக்குப் போய்வந்த நேரங்களில் இயற்பியலைக் கற்கத் தன்னைத் தூண்டியவர்கள் நண்பர்கள் வைன்பெர்க்கும் கேரி ஃபைன்பெர்க்கும்தான் என்று கிளாஷோ எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு என் கேள்வியைக் கொஞ்சம் திருத்திக்கொண்டேன். ரயிலில் பக்கத்து இருக்கையில் யார் உட்கார வேண்டும் என்பதை ஏற்பாடு செய்து தந்ததும் ஒரு பள்ளியின் கொடைதான். அதற்கான பாராட்டு ஆசிரியர் அறையில் யாருக்கும் போய்ச்சேராது என்பது வேறு விஷயம்.

இரண்டாம் ஆண்டில் படிவத்தில் ஒரு கேள்வியைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும் என்று முன்மொழிந்தேன். ஏற்கெனவே ஆறு கேள்விகள் இருந்ததால் அது ஏழாவதாயிற்று: "இப்பள்ளியில் அவருக்குக் கிடைத்தது எது? யாரால் கிடைத்தது?" ஆசிரியர்களில் ஒருவர் தயங்கினார். ஒன்றும் கிடைக்கவில்லை என்று பதில் வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். நியாயமான அச்சம், அந்த ஆண்டே அது பலித்தும்விட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்மணி விழா மேடையில் ஏறி, கல்லூரிக்கு விண்ணப்பிப்பது உனக்கு வீண்வேலை என்று இதே கட்டடத்தின் வழிகாட்டு ஆலோசகர் ஒருவர் தன்னிடம் சொன்னதாகவும், அந்தச் சொல் தந்த கோபத்தில்தான் படித்து முடித்ததாகவும் நிதானமாகச் சொன்னார். முன்வரிசையில் இருந்த எங்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பின்வரிசைகளில் இருந்த பிள்ளைகள் அன்றைக்குக் கைதட்டியதைப் போல வேறெந்த ஆண்டிலும் நான் கேட்டதில்லை. மறுவாரமே ஆலோசகர்களின் கூட்டமொன்றைத் தலைமையாசிரியர் கூட்டினார் என்றும் கேள்விப்பட்டேன்.

யாரை முன்னாள் மாணவர் என்பது? எங்கள் விதியில் "பட்டம் பெற்றவர்" என்று இருந்தது. பள்ளியிறுதி ஆண்டில் தந்தை படுத்த படுக்கையானதால் வேலைக்குப் போய்விட்ட ஒருவரின் படிவம் வந்தபோது அந்தச் சொல் குறுக்கே நின்றது. 1635இல் நிறுவப்பட்ட பாஸ்டன் லத்தீன் பள்ளி, நாட்டின் மிகப் பழைய பொதுப்பள்ளி, தன் புகழ்பெற்ற மாணவர்களுள் முதல்வரிசையில் வைத்துக் கொண்டாடும் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அங்கே படிப்பை முடித்தவரல்லர் என்று நான் எடுத்துச்சொன்னேன். அந்த எடுத்துக்காட்டு பெரிதாக எடுபடவில்லை. மூன்று நூற்றாண்டுக்கு முந்தைய கதை என்று சிரித்துவிட்டார்கள். லிட்டில் ராக் நகரின் மத்திய உயர்நிலைப்பள்ளியைச் சொன்னபோதுதான் மேசை அமைதியானது. வெள்ளையர் மட்டுமே படித்த அந்தப் பள்ளிக்குள் 1957இல் ராணுவக் காவலோடு நுழைந்த கறுப்பின மாணவர்கள் ஒன்பது பேர். 1958 மே மாதம் எர்னஸ்ட் கிரீன் அங்கே படிப்பை முடித்தார். மின்னிஜீன் பிரவுன் அதே ஆண்டு பிப்ரவரியில் வெளியேற்றப்பட்டார். ஒருங்கிணைப்பை ஏற்க மனமில்லாமல் அடுத்த கல்வியாண்டு முழுவதும் நகரின் உயர்நிலைப்பள்ளிகளே மூடப்பட்டன. மீண்டும் திறந்த பிறகு, 1960இல் கார்லோட்டா வால்ஸும் ஜெபர்சன் தாமஸும் பட்டம் பெற்றார்கள். ஆக அங்கேயே இறுதிவரை வகுப்பில் உட்கார்ந்து பட்டம் பெற்றவர்கள் ஒன்பது பேரில் மூவர். எங்கள் விதியை அப்படியே வைத்துப் பார்த்தால், அந்தப் பள்ளியின் வரலாற்றையே மாற்றிய மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அதன் சுவரில் இடமில்லை. ஐந்துக்கு இரண்டு என்ற வாக்கில் "பட்டம் பெற்றவர்" என்பதை "பயின்றவர்" என்று திருத்தினோம்.

சுவரை ஒருநாள் மெதுவாக எண்ணிக்கொண்டு நடந்தேன். பழைய தகடுகளில் பெண்கள் மிகக் குறைவு. புகழ்பெற்ற பொதுப்பள்ளிகள் சிலவற்றில் இதற்குக் காரணம் வெளிப்படையானது: நியூயார்க்கின் ஸ்டைவெசன்ட் பள்ளி பெண்களைச் சேர்த்தது 1969இல், பாஸ்டன் லத்தீன் பள்ளி 1972இல், ஃபிலடெல்ஃபியாவின் மத்திய உயர்நிலைப்பள்ளி 1983இல். எங்கள் பள்ளிக்கு அந்தச் சாக்கும் கிடையாது. தொடக்கம் முதலே இருபாலரும் படித்த இடம். பரிந்துரை எழுதும் வழக்கம் உள்ளவர்கள் யாரை நினைத்துக்கொண்டார்கள் என்பதே அங்கே பதிவாகியிருக்கிறது. வந்த படிவங்களை மட்டும் படித்துவிட்டு நீதி செய்தோம் என்று எழுந்துவிடக் குழுவுக்கு உரிமையில்லை. வராத படிவங்களையும் தேடிப் போக வேண்டும்.

வாஷிங்டனின் டன்பார் உயர்நிலைப்பள்ளியில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. 1870இல் கறுப்பினப் பிள்ளைகளுக்கான முதல் பொது உயர்நிலைப்பள்ளியாகத் தொடங்கிய அது, ரத்த வங்கிகளுக்கு வழிகாட்டிய மருத்துவர் சார்லஸ் ட்ரூவையும், அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவரான ராபர்ட் வீவரையும், மக்கள் வாக்கில் செனட்டுக்குத் தேர்வான முதல் கறுப்பினத்தவரான எட்வர்ட் புரூக்கையும் உருவாக்கியது. 2013இல் திறந்த புதிய கட்டடத்தின் தரையில் முன்னாள் மாணவர்களின் பெயர்த்தகடுகளைப் பதித்தபோது, பெயர் எதுவும் எழுதாத தகடுகளையும் சேர்த்தே பதித்தார்கள். எங்கள் பள்ளிக்கும் இதைப் பரிந்துரைத்திருக்கிறேன். வெற்றுத் தகடுக்கு எந்தக் கணக்கிலிருந்து பணம் ஒதுக்குவது என்பதில் கோப்பு நின்றுகொண்டிருக்கிறது.

இந்த ஆண்டு பன்னிரண்டு படிவங்கள் வந்துள்ளன. ஐந்தில் ஏழாவது கேள்விக்கான இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது. அவற்றை அனுப்பியவர்களுக்கு நேற்று கடிதம் எழுதினேன். ஆறில் ஆசிரியர்களின் பெயர்கள் இருக்கின்றன. மீதமுள்ள ஒன்றில், இன்று மாநில நெடுஞ்சாலைப் பாலங்களின் பாதுகாப்பை மேற்பார்வையிடும் பொறியாளர் ஒருவரைப் பற்றி, அவருடைய தங்கை ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறார்: பள்ளி விட்ட பிறகும் மாலை ஆறு மணிவரை நூலகத்தைப் பூட்டாமல் ஒருவர் அண்ணனுக்காகக் காத்திருப்பார், பெயர் தெரியாது. அலுவலகத்தில் விசாரித்தேன், அந்தக் காலத்து ஊழியர் பதிவேடு அவர்களிடம் இல்லை. பழைய ஆண்டுமலர்கள் நூலகத்தின் அடித்தளத்தில் பெட்டிகளில் இருக்கின்றனவாம். செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்ததும், எங்கள் குழுவின் மாணவியும் நானும் 1986 முதல் 1990 வரையிலான பெட்டிகளைத் திறந்து பார்க்கப் போகிறோம்.