டோன் எண்ணிக்கையைக் கடைசியில் பாருங்கள்: புது கீபோர்டு, டிஜிட்டல் பியானோ ஒப்பீடு

புதிதாக வரும் எந்தக் கீபோர்டின் அட்டைப்பெட்டியை எடுத்தாலும் பெரிய எழுத்தில் இருப்பது டோன் எண்ணிக்கைதான், அதாவது கருவி எத்தனை வகை வாத்தியச் சத்தம் தரும் என்பது. 400, 650, 820 என்று ஏறிக்கொண்டே போகும். அதன் கீழே ஸ்டைல் (தானாக ஓடும் பக்கவாத்தியம்) எண்ணிக்கை, பதிந்து வரும் பாட்டுகளின் எண்ணிக்கை. நாள் முழுக்க விரல் படப்போகும் கட்டையைப் பற்றி ஓர் ஓரத்தில் ஒரே ஒரு வரி. ஒப்பிட உட்காரும்போது இந்த வரிசையை அப்படியே தலைகீழாகப் போடுங்கள்: முதலில் கட்டை, பிறகு பெடல், அதன் பிறகு ஸ்பீக்கரும் பின்பக்கத் துளைகளும். டோன் எண்ணிக்கை கடைசியில் வரட்டும்.

2024-இல் யமஹா கொண்டுவந்த இரண்டு 61 கட்டை மாடல்களைப் பாருங்கள். பிஎஸ்ஆர்-இ283-இல் 410 டோன், பிஎஸ்ஆர்-இ383-இல் 650. பெட்டியை மட்டும் படித்தால் வித்தியாசம் 240 டோன் என்று தோன்றும். உண்மையான வித்தியாசம் வேறு. இ283-இன் கட்டைக்கு அழுத்தம் தெரியாது. மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம்தான். இ383 வேகத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்து ஒலிக்கும். கற்றுக்கொள்ளத் தொடங்குகிறவருக்கு இந்த ஒன்றுதான் முக்கியம். அழுத்தம் தெரியாத கருவியில் ஓராண்டு பழகிய விரல், பிறகு பியானோவில் உட்கார்ந்தால் எல்லாச் சுரத்தையும் ஒரே கனத்தில்தான் வாசிக்கும். அதைத் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

அழுத்தம் என்று பேச்சுக்குச் சொன்னாலும் கருவி அளப்பது வேகத்தை. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் சற்று ஏற்ற இறக்கமாக இரண்டு தொடுபுள்ளிகள் இருக்கும். கட்டை இறங்கும்போது முதல் புள்ளி தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தைக் கருவி கணக்கிட்டு 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக மாற்றுகிறது. 1983-இல் வந்த மிடி (இசைக்கருவிகள் தகவல் பரிமாறும்) முறையின் எண் இது, இன்றும் பெரும்பாலான கருவிகளில் ஓடுவது இதுதான். மூன்று சென்சார் என்று எழுதியிருந்தால் இன்னொரு புள்ளி கூடுதலாக இருக்கிறது என்று பொருள். கட்டை முழுதாக மேலே வருமுன்பே அதே சுரத்தை மறுபடி தட்ட அது உதவும். வேகமாக ஒரே கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டும் இடங்களில் இரண்டு சென்சார் கருவி சில தட்டுகளை விழுங்கிவிடும்.

88 கட்டை, சுத்தியல் எடை (பியானோவின் சுத்தியல் போலக் கனம் தரும் கட்டை) கொண்ட மாடல்களுக்கு வருவோம். இப்போது அதிகம் ஒப்பிடப்படுபவை இவை: யமஹா பி-225, அதன் தம்பி பி-145, ரோலண்ட் எஃப்பி-10, எஃப்பி-30எக்ஸ், கேஸியோ பிஎக்ஸ்-எஸ்1100, கவாய் இஎஸ்120.

ரோலண்டின் இரண்டிலும் இருப்பது ஒரே கட்டை அமைப்பு: பிஎச்ஏ-4 ஸ்டாண்டர்ட், மூன்று சென்சார். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. எஃப்பி-10-இல் 96 பாலிஃபோனி (ஒரே நேரத்தில் ஒலிக்கும் குரல்கள்), 15 டோன், 6 வாட் ஸ்பீக்கர் இரண்டு. எஃப்பி-30எக்ஸில் 256 பாலிஃபோனி, 56 டோன், 11 வாட் ஸ்பீக்கர் இரண்டு, தனி லைன் அவுட் (மிக்ஸருக்கோ வெளி ஸ்பீக்கருக்கோ போகும் துளை), ப்ளூடூத் ஆடியோ. வீட்டில் ஹெட்போன் போட்டுப் பயிற்சி செய்வதுதான் வேலை என்றால் எஃப்பி-10-இல் விரலுக்கு எந்த இழப்பும் இல்லை. நாலு பேருக்கு முன் வாசிக்க வேண்டும், மிக்ஸரில் இணைக்க வேண்டும் என்றால் எஃப்பி-30எக்ஸ் வேண்டும், ஏனெனில் எஃப்பி-10-இல் வெளியே போக ஹெட்போன் துளை ஒன்றுதான். ஆனால் தூக்கிச் செல்கிறவர்கள் எடையையும் பாருங்கள்: எஃப்பி-10 12.3 கிலோ, எஃப்பி-30எக்ஸ் 14.8 கிலோ.

2023-இல் வந்த பி-225, பழைய பி-125-ஐவிட மெலிந்திருக்கிறது. எடை 11.5 கிலோ, ஆழம் 272 மி.மீ. இந்த மெலிவுக்காகவே கட்டை அமைப்பையும் ஜிஎச்எஸ் என்பதிலிருந்து ஜிஎச்சி என்ற சுருக்கமான வகைக்கு மாற்றினார்கள். ப்ளூடூத் ஆடியோ புதிதாக வந்தது, பாலிஃபோனி பழையபடி 192. பி-145-இலும் அதே ஜிஎச்சி கட்டைதான், ஆனால் பாலிஃபோனி 64, டோன் 10, ப்ளூடூத் கிடையாது. பிஎக்ஸ்-எஸ்1100 இன்னும் மெலிந்தது: ஆழம் வெறும் 232 மி.மீ., எடை 11.2 கிலோ, ஆறு ஏஏ பேட்டரியிலும் ஓடும். இஎஸ்120 12.4 கிலோ, 192 பாலிஃபோனி, 25 டோன், 10 வாட் ஸ்பீக்கர் இரண்டு.

மெலிந்த உடல் அழகாக இருக்கும், தூக்க எளிது. அதற்கான விலையை விரல்தான் கொடுக்கிறது. கட்டை என்பது ஒரு நெம்புகோல். அது ஆடும் அச்சு உள்ளே எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் எல்லாம். ஒரு கணக்குக்கு, முன் விளிம்பிலிருந்து அச்சு 20 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று கொள்ளுங்கள். விளிம்பில் 50 கிராம் கனத்தில் இறங்கும் கட்டை, 10 செ.மீ. உள்ளே அழுத்தினால் 100 கிராம் கேட்கும், 12 செ.மீ. உள்ளே போனால் 125. அச்சு 30 செ.மீ. தள்ளி இருந்தால் அதே 10 செ.மீ. ஆழத்தில் 75 கிராமே போதும். கறுப்புக் கட்டைகள் நிறைய வரும் சுருதிகளில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் வெள்ளைக் கட்டையின் உள்பக்கத்தில்தான் விழும். அங்கே சத்தம் வராமல் போகிறது, சில சுரங்கள் மட்டும் மங்குகின்றன என்றால் குறை விரலில் இல்லை, நெம்புகோலில்.

அதனால் கடையில் கருவியை ஆன் செய்வதற்கு முன்பே சோதனையைத் தொடங்குங்கள். மின்சாரம் இல்லாமல் நடுவில் ஒரு வெள்ளைக் கட்டையை விளிம்பில் அழுத்துங்கள், பிறகு பின்பலகைக்கு இரண்டு விரற்கடை முன்னால் அழுத்துங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கையிலேயே தெரியும். கட்டையைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் எவ்வளவு ஆடுகிறது என்பதையும் பாருங்கள். வேகமாக அழுத்தி, அடியில் மோதும் ‘டக்’ சத்தத்தைக் கேளுங்கள். இரவில் ஹெட்போன் போட்டு வாசிக்கும்போது கீழ் வீட்டுக்குப் போவது இந்தச் சத்தம்தான்.

இப்போது ஆன் செய்யுங்கள். ஒரு கட்டையைச் சத்தமே வராத அளவு மெதுவாக இறக்கிப் பாருங்கள், பிறகு இம்மி இம்மியாக வேகத்தைக் கூட்டுங்கள். சத்தம் மெல்லத் தொடங்கி ஒழுங்காக ஏற வேண்டும். திடீரென ஓரிடத்தில் குதித்தால், மெல்லிய சத்தத்துக்கான சாம்பிளிலிருந்து (பதிவு செய்த ஒலி) பலமான சத்தத்துக்கான சாம்பிளுக்கு மாறுவது அப்பட்டமாகக் கேட்கிறது என்று பொருள். அடுத்து இடக்கோடியில் ஒரு மந்திர (தாழ்ந்த) சுரத்தைத் தட்டி, கட்டையை விடாமல் முழுதாக அடங்கும் வரை கேளுங்கள். நல்ல சாம்பிள் தன் நிறத்தை மாற்றிக்கொண்டே தேய்ந்து மறையும். மலிவான சாம்பிள் சில நொடியில் ‘ம்ம்ம்’ என்று ஒரே வட்டத்தில் சுற்றத் தொடங்கிவிடும். இந்தச் சோதனைகளை ஸ்பீக்கரில் ஒரு முறையும், எப்போதும் உபயோகிக்கும் ஒரே ஹெட்போனில் ஒரு முறையும் செய்யுங்கள். இரண்டு கடைகளில் இரண்டு ஹெட்போனில் கேட்டு ஒப்பிட்டால் அது ஹெட்போன்களின் ஒப்பீடாகிவிடும்.

டச் செட்டிங் பற்றி ஒரு குழப்பம் உண்டு. ‘லைட்’, ‘மீடியம்’, ‘ஹார்ட்’ என்று மாற்றினால் கட்டையின் கனம் மாறாது. எந்த வேகத்துக்கு எவ்வளவு சத்தம் என்ற கணக்குதான் மாறும். ஒப்பிடும் கருவிகள் எல்லாவற்றையும் மீடியத்தில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

பாலிஃபோனி என்பது ஒரே நேரத்தில் எத்தனை குரல் ஒலிக்க முடியும் என்ற எண்ணிக்கை. பத்து விரலுக்கு 64 எதற்கு என்று தோன்றும். பெடலை மிதித்துக்கொண்டு வாசித்தால் விட்ட சுரங்களும் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஸ்டீரியோ சாம்பிளில் ஒரு சுரத்துக்கு இரண்டு குரல் செலவாகும் கருவிகளில் 64 என்பது 32 சுரமாகிறது. பியானோவுடன் ஸ்ட்ரிங்ஸ் (வயலின் கூட்டம்) டோனையும் சேர்த்தால் அதுவும் பாதியாகும். அப்போது பழைய சுரம் சொல்லாமல் கொள்ளாமல் அறுந்துபோகும், பெரும்பாலும் அடியில் ஒலித்த மந்திர சுரம். பெடலை அழுத்தி, இடக்கோடியில் ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு, வலப்பக்கம் வரை வேகமாக ஓடிப் பாருங்கள். தொடக்கத்தில் தட்டிய சுரம் இன்னும் கேட்கிறதா? தொடக்கநிலைப் பாடங்களுக்கு 64 போதும். 192-க்கு மேல் கூட்டுவதால் பியானோ மட்டும் வாசிப்பவருக்குக் காதில் எதுவும் மாறாது.

பெடல் விஷயத்தில் கம்பெனிகள் கஞ்சத்தனம் காட்டுகின்றன. பெட்டியோடு வருவது பெரும்பாலும் சதுரமான சிறு சுவிட்ச். காலால் அழுத்தினால் நழுவி ஓடும், ஆன், ஆஃப் தவிர எதுவும் தெரியாது. பாதி மிதிப்பது பியானோ வாசிப்பில் அடிப்படையான உத்தி. அதற்குப் பி-225-இல் எஃப்சி3ஏ பெடலையும், எஃப்பி-30எக்ஸில் டிபி-10 பெடலையும் தனியாக வாங்க வேண்டும். பிஎக்ஸ்-எஸ்1100-இல் எஸ்பி-34 என்ற மூன்று பெடல் அலகை இணைத்தால்தான் பாதி மிதி கிடைக்கும். கருவியின் விலையை ஒப்பிடும்போது இந்தப் பெடலின் விலையையும் சேர்த்தே ஒப்பிடுங்கள்.

வேறு கம்பெனிப் பெடலைச் செருகினால் மிதிக்காதபோது சுரம் நீண்டும், மிதித்தால் அறுந்தும் ஒலிக்கலாம். பெடல் பழுது என்று தூக்கிப் போடாதீர்கள். சுவிட்சின் துருவம் தலைகீழாக இருக்கிறது, அவ்வளவுதான். கருவியை ஆஃப் செய்து, பெடலை மிதிக்காமல் செருகி, பிறகு ஆன் செய்யுங்கள். பல கருவிகள் ஆன் ஆகும் தருணத்தில் பெடலின் நிலையைப் பார்த்துத் தாமே சரிசெய்துகொள்ளும். அதற்கும் மசியாவிட்டால் பெடலின் அடியில் துருவம் மாற்றும் சிறு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

ப்ளூடூத் என்ற ஒரே சொல் இரண்டு வேலைகளைக் குறிக்கிறது. ப்ளூடூத் ஆடியோ, போனில் ஓடும் பாட்டைப் பியானோ ஸ்பீக்கரில் கேட்பதற்கு. ப்ளூடூத் மிடி, கட்டையின் தகவலைச் செயலிக்கு அனுப்புவதற்கு. எஃப்பி-30எக்ஸிலும் இஎஸ்120-இலும் இரண்டும் உண்டு, எஃப்பி-10-இல் மிடி மட்டும். பிஎக்ஸ்-எஸ்1100 இதற்கெனத் தனி அடாப்டரோடு வருகிறது. ப்ளூடூத் ஹெட்போனைப் பியானோவோடு இணைக்க முடியும் என்று நம்பி வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். இந்தக் கருவிகள் ஆடியோவைப் பெறும், அனுப்பாது. அனுப்பினாலும் தாமதம் பெரும்பாலும் 100 மில்லிநொடியைத் தாண்டும், தட்டியபின் சத்தம் வந்தால் வாசிக்கவே முடியாது. ஒயர் ஹெட்போன்தான் வழி. மிடி இணைப்பைப் போனின் ப்ளூடூத் பட்டியலில் தேடாமல் செயலிக்குள்ளிருந்து இணையுங்கள். வெளியே இணைத்துவிட்டால் செயலிக்குக் கருவி தென்படாமல் போகும்.

கணினியோடு இணைத்ததும் ஒவ்வொரு சுரமும் இரட்டையாகக் கேட்டால், கருவியின் சொந்தச் சத்தமும் மென்பொருளின் சத்தமும் சேர்ந்து வருகின்றன. லோக்கல் கண்ட்ரோலை (கட்டைக்கும் கருவியின் சொந்தச் சத்தத்துக்கும் உள்ள இணைப்பை) ஆஃப் செய்யுங்கள். மறுநாள் கணினி இல்லாமல் வாசிக்கும்போது கட்டையிலிருந்து சத்தமே வரவில்லை என்றால் அதை மறுபடி ஆன் செய்ய மறந்திருப்பீர்கள். மடிக்கணினியிலிருந்து ‘கிர்ர்’ என்ற இரைச்சல் வந்தால் அதன் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது மின்தரை வழியாக வரும் இரைச்சல், பியானோவில் கோளாறு இல்லை.

சேர்ந்திசைக்கும் பாட்டுக்குத் துணையாகவும் வாசிக்கிறவர்களுக்கு மேலே சொன்ன பியானோக்கள் எதுவும் பொருந்தாது. அவர்கள் பார்க்க வேண்டியது பிஎஸ்ஆர்-இ473 போன்றவற்றை: 61 கட்டை, 64 பாலிஃபோனி, பிட்ச் பெண்ட் சக்கரம், மைக் செருகும் துளை, இடம் வலம் எனத் தனித்தனி அவுட்புட். இ383-இல் இந்தச் சக்கரமும் இல்லை, தனி அவுட்புட்டும் இல்லை. சுரத்தை வளைத்து வாசிக்க விரும்புகிறவருக்கு அந்தச் சக்கரம் இல்லாத கருவியில் 650 டோன் இருந்து ஒரு பயனும் இல்லை. சக்கரத்தின் எல்லை வழக்கமாக இரண்டு அரைச்சுரம், அதைச் செட்டிங்கில் மாற்றலாம்.

கடைசியாக ஸ்டாண்டு. குறுக்குக் கால் எக்ஸ் ஸ்டாண்டில் 88 கட்டைக் கருவி வைத்தால் பலமாக வாசிக்கும்போது முன்னும் பின்னும் ஆடும், உயரத்தைக் குறைத்தால் கால்கள் விரிந்து முழங்காலை இடிக்கும். நாலு கால் ஸ்டாண்டு அல்லது மாடலுக்கென்றே வரும் மர ஸ்டாண்டு நல்லது. கட்டையின் மேற்பரப்பு தரையிலிருந்து 72 முதல் 75 செ.மீ.க்குள் இருக்கட்டும். மேசையில் வைப்பதானால், அடியில் ஸ்பீக்கர் உள்ள மாடல்களின் சத்தம் பலகையில் மோதி மந்தமாகும். துணி விரித்த மேசையில் இன்னும் மோசம். ஸ்பீக்கர் சரியில்லை என்று கருவியைத் திருப்பிக் கொடுக்குமுன் ஸ்டாண்டில் வைத்து ஒருமுறை கேட்டுவிடுங்கள்.