டார்வின்–ஹென்ஸ்லோ கடிதங்களை வரிசைப்படுத்திப் படித்த அனுபவம்

பீகிள் கப்பலில் இருந்த இளைஞர் சார்லஸ் டார்வினும், கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியராக இருந்த ஜான் ஸ்டீவன்ஸ் ஹென்ஸ்லோவும் எழுதிக்கொண்ட கடிதங்களை, எழுதப்பட்ட தேதி வரிசையில்தான் முதலில் படிக்கத் தொடங்கினேன். ஒருவர் கேட்பதும் மற்றவர் சொல்வதும் பொருந்தவே இல்லை. எனவே ஒவ்வொரு கடிதத்துக்கும் எழுதிய நாள், கையில் கிடைத்த நாள் என இரண்டு பத்திகள் வரைந்து, கிடைத்த நாளை டார்வினின் பதில்களிலிருந்தே தேடி நிரப்பினேன்.

பொறுமையைச் சோதித்த வேலைதான். ஆனால் 1833 ஜனவரி 15 அன்று ஹென்ஸ்லோ தொடங்கிய கடிதம் அந்தப் பட்டியலில் தன் இடத்துக்கு வந்தபோது எல்லாம் விளங்கியது. டார்வின் பயணத்தில் சேகரித்து அனுப்பிய உயிரினப் பொருள்களின் முதல் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு எழுதிய கடிதம் அது. அழகான நண்டு ஒன்று கால்களையெல்லாம் இழந்துவிட்டது, பறவையொன்றின் வால் இறகுகள் கசங்கிவிட்டன, 223ஆம் எண்ணிட்ட பொருள் வெறும் கரிக்குவியலாகத் தெரிகிறது, அது என்னதான் என்று கேட்கிறார். பொருள்களை எப்படிக் கட்டி அனுப்ப வேண்டும் என்றும் சொல்லித்தருகிறார். டார்வினுக்கு மிகவும் தேவைப்பட்ட இந்த அறிவுரை, 1834 ஜூலையில் சிலி நாட்டு வால்பரைசோ துறைமுகத்தில், 1833 டிசம்பரில் எழுதப்பட்ட இன்னொரு கடிதத்துடன் ஒரே பெட்டியில்தான் அவருக்குக் கிடைத்தது. இடையிலிருந்த ஒன்றரை ஆண்டில் அவர் மேலும் பல பெட்டிகளை அனுப்பிவிட்டார். 1833 ஆகஸ்டில் ஹென்ஸ்லோ எழுதிய கடிதமோ அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. இரண்டாம் சரக்கு பத்திரமாக வந்ததென்ற செய்தி அதில் இருந்ததால், 1834 மார்ச்சில் ஃபாக்லாந்து தீவுகளிலிருந்து டார்வின் எழுதிய பதிலில் அவ்வளவு நிம்மதி தெரிகிறது.

தேதி வரிசையில் மட்டும் படிப்பவருக்கு இந்த நிம்மதியின் காரணம் புலப்படாது. அக்காலத்து இயற்கையியலாளர்களின் கடிதங்களைப் படிக்க விரும்புவோர் இந்த இரண்டாம் பத்தியை அவசியம் வரைந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அச்சுக்குப் போன கதைக்கும் இதே முறை உதவியது. டார்வினின் கடிதங்களிலிருந்து சில பகுதிகளைத் தொகுத்து ஹென்ஸ்லோ சிறு நூலாக அச்சிட்டபோது, அதிலுள்ள தேதி 1835 டிசம்பர் 1. அப்போது பீகிள் டஹிட்டியிலிருந்து நியூசிலாந்து நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. கவனமின்றி எழுதியவை அச்சேறிவிட்டனவே என்ற திகைப்பை, நன்னம்பிக்கை முனையிலிருந்து 1836 ஜூனில் தம் தங்கை கேத்தரினுக்கு எழுதிய கடிதத்தில்தான் டார்வின் வெளிப்படுத்துகிறார்.